விராலிமலை மயிலும் வீட்டுச் சுவரின் நேர அட்டையும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடந்ததும், சமவெளியின் நடுவே தனித்து எழுந்து நிற்கும் பாறைக் குன்று ஒன்று கண்ணில் படும். அதுதான் விராலிமலை. புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். விராலி என்பது வறண்ட நிலத்தில் தழைக்கும் ஒரு புதர்ச் செடி. அதன் பெயரே ஊருக்கு வந்தது என்பர். குன்றின் மேல் 207 படிகள் ஏறிச் செல்லும் முருகன் ஆலயம் உள்ளது. அருணகிரிநாதர் பாடிய தலம் அது. சதிர் நடனத்தை வழிவழியாகக் காத்து வந்த குடும்பங்கள் வாழ்ந்த ஊரும் இதுவே. அக்கலையின் மூத்த கலைஞரான முத்துக்கண்ணம்மாளுக்கு 2022ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது கிடைத்தபோது, ஊரின் பெயர் நாடெங்கும் ஒலித்தது.

ஆனால் வழிப்போக்கராகிய நம்மைப் பேருந்துச் சன்னலோரம் திரும்பிப் பார்க்க வைப்பவை இந்த ஊரின் மயில்களே. பாறையிலும் புதரிலும் வயல் வரப்பிலும் அவை திரிவதைக் காணலாம். 1963ஆம் ஆண்டில் நம் நாட்டின் தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்ட மயில், 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம் பெற்று, மிக உயர்ந்த பாதுகாப்பைப் பெற்றுள்ளது. இங்கோ சட்டம் வருவதற்கு முன்னரே மக்களின் மதிப்பு அதற்குக் காவலாக இருந்து வந்திருக்கிறது.

இந்த ஊருக்கு நாங்கள் ஒரே ஆண்டில் இருமுறை சென்று வந்தோம். முதல் பயணம் மனத்தாங்கலில் முடிந்தது. இரண்டாவது பயணத்தில், நாங்கள் தேடிச் சென்றதற்கு மேலாகவே ஒன்று கிடைத்தது. அவ்விரண்டையும் வாசக நேயர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் பயணம்

என் மகன் கல்லூரி மாணவன். பகுதி நேர வேலையில் சேர்த்த பணத்தைக் கொண்டு பழைய கேமரா ஒன்றை வாங்கியிருந்தான். குன்றின் பாறையில் தோகை விரித்த மயில், அதன் மேல் விழும் இளவெயில் - இப்படி ஒரு படம் அவன் மனத்தில் இருந்தது. அதற்காகக் கைப்பேசியில் சில செயலிகளை இறக்கி, பல இரவுகள் ஆராய்ந்தான். எந்த நாளில் கதிரவன் எத்திசையில் எழும், எத்தனை மணிக்கு எவ்வளவு உயரத்தில் நிற்கும், எந்த விண்மீன் எப்போது குன்றுக்கு மேலே வரும் என்பதையெல்லாம் வரைபடத்தின் மீது கோடுகளாக அவை காட்டின.

ஜனவரி மாதத்தின் இறுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எண்பது வயதைக் கடந்த என் அத்தாவையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டோம். இளமையில் சிற்றூர்ப் பள்ளிவாசல் ஒன்றில் மோதினாராகப் பணியாற்றியவர் அவர். "மயிலைப் பார்த்து வெகுநாளாயிற்று" என்று ஆசைப்பட்டு வந்தார்.

செயலி சூரிய உதயம் 6.39 என்றது. நாங்கள் 6.35க்கெல்லாம் குன்றின் மேற்கு அடிவாரத்தில் ஆயத்தமாக நின்றோம். 6.39 ஆயிற்று, 6.50 ஆயிற்று, வெயிலைக் காணோம். மகன் செயலியைத் திட்டினான். செயலி பொய் சொல்லவில்லை. அது சொல்வது, தடையற்ற சமதளத் தொடுவானில் கதிரவன் தலைகாட்டும் நேரம். எங்களுக்கும் கிழக்கு வானுக்கும் நடுவே விராலிமலையே நின்றுகொண்டிருந்தது. வெயில் குன்றைத் தாண்டி எங்கள் மேல் விழுந்தபோது, மரங்களில் உறங்கி எழுந்த மயில்கள் இரை தேடி வயல்களுக்குப் போய்விட்டிருந்தன. தொலைவில் கண்ட ஆண் மயிலுக்கும் தோகை முழுமையாக வளர்ந்திருக்கவில்லை. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் மயில் தன் தோகையை உதிர்த்துவிட்டுப் புதிதாக வளர்த்துக்கொள்ளும். தென்னிந்தியாவில் அதன் உச்சப் பருவம் ஏப்ரல், மே மாதங்கள். ஜனவரியில் விரித்தாடும் தோகையை எதிர்பார்த்துச் சென்றது எங்கள் அறியாமை.

காலையில் இழந்ததை இரவில் ஈடு செய்ய மகன் எண்ணினான். வேட்டைக்காரன் விண்மீன் கூட்டம் குன்றின் மேல் எழும் காட்சியை எடுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். மாலையில் மீண்டும் சென்றோம். மஃரிபு வேளை வந்தது. அத்தா காரின் அருகே துண்டை விரித்துத் தொழுதார். நானும் உடன் நின்றேன். "இதோ வருகிறேன்" என்ற மகன் முக்காலியை விட்டு நகரவில்லை. ஒரு படம், இன்னொரு படம் என்று நேரம் ஓடிற்று. எங்கிருந்தோ இஷாவின் பாங்கொலி காற்றில் மிதந்து வந்தபோதுதான் அவன் திடுக்கிட்டுத் திரும்பினான்.

அத்தா ஒரு சொல்லும் சொல்லவில்லை. திருச்சி வந்து சேரும் வரை மூவரும் பேசவில்லை. சினந்து கொண்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அழகிய பொழுதுபோக்கு ஒன்று, பாட்டனுக்கும் பேரனுக்கும் நடுவே சுவராக எழுகிறதே என்ற கவலை அன்றிரவு என்னை உறங்க விடவில்லை.

நேர அட்டை சொன்ன பாடம்

அடுத்த வாரம், பிப்ரவரி முதல் நாளன்று, அத்தா செய்த செயலை நான் எதிர்பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த தொழுகை நேர அட்டையைக் கழற்றிக்கொண்டு வந்து பேரனின் பக்கத்தில் அமர்ந்தார்.

"தம்பி, உன் செயலியில் இன்றைக்குச் சூரியன் மறையும் நேரம் என்ன?"

"6.19, நன்னா."

"இதில் மஃரிபு 6.21. பேணுதலுக்காக இரண்டு நிமிடம் கூட்டிப் போட்டிருக்கிறார்கள். உச்சி எப்போது?"

"12.29."

"லுஹருடைய நேரத்தைப் பார்."

பேரன் பார்த்தான். பன்னிரண்டு மணியைத் தாண்டி அரை மணிக்கு மேலேயே லுஹர் தொடங்கியிருந்தது. அவன் வியப்போடு நிமிர்ந்தான். "நன்னா, இரண்டும் ஒன்றேதான்!"

ஆம், இரண்டும் ஒன்றே. பள்ளிவாசல் சுவர்களிலும் நம் வீடுகளிலும் தொங்கும் அந்த அட்டை, கதிரவனின் அன்றாட நடையை ஆண்டு முழுவதற்கும் கணக்கிட்டு எழுதிய பட்டியல் அல்லவா? உச்சி சாய்வது லுஹர். நிழலின் நீளம் அஸர். வட்டம் மறைவது மஃரிபு. அந்தி ஒளி அடங்குவது இஷா. கிழக்கில் வெள்ளை படர்வது ஃபஜ்ர். நம் நாட்டில் பரவலாக வழங்கும் கணக்கின்படி கதிரவன் தொடுவானுக்குக் கீழே 18 பாகை இருக்கும் கணமே ஃபஜ்ரின் தொடக்கம். வானியலார் முழு வைகறை என்று குறிப்பதும் அதே 18 பாகைதான்.

உச்சிப்பொழுது ஏன் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு வருவதில்லை என்று பேரன் கேட்டான். இந்திய நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82.5 பாகைக்கு உரியது. விராலிமலையோ ஏறத்தாழ 78.55 பாகையில் உள்ளது. இந்த நான்கு பாகை வேறுபாட்டுக்கு ஏறக்குறைய 16 நிமிடம் பிந்தும். அதோடு, பூமி கதிரவனைச் சுற்றும் பாதை நீள்வட்டமாகவும் அதன் அச்சு சாய்ந்தும் இருப்பதால், உச்சி சில மாதங்களில் முந்தியும் சில மாதங்களில் பிந்தியும் வரும். நவம்பர் தொடக்கத்தில் விராலிமலையின் உச்சி 12 மணியை ஒட்டி வரும். பிப்ரவரி நடுவில் 12.30ஐ எட்டும். அத்தா இதை இந்தச் சொற்களால் அறிந்தவர் அல்லர். பள்ளியின் முற்றத்தில் ஒரு குச்சியை நட்டு, அதன் நிழல் மிகக் குறுகி மீண்டும் வளரத் தொடங்கும் கணத்தைப் பார்த்துப் பாங்கு சொன்னவர். "கார்த்திகை மாதம் நிழல் சீக்கிரம் திரும்பும், மாசியில் தாமதிக்கும்" என்று அவர் சொன்னபோது, கருவிகள் சொல்வதைக் குச்சி முன்பே சொல்லியிருந்தது புலனாயிற்று.

இது நம் முன்னோர் வளர்த்த கலை. பெரிய பள்ளிவாசல்களில் நேரம் கணிப்பதற்கென்றே முவக்கித் எனப்படும் அறிஞர்கள் நியமிக்கப்பட்டிருந்தனர். திமிஷ்க் நகரின் உமையாப் பள்ளிவாசலில் அப்பணியை ஆற்றிய இப்னுஷ் ஷாத்திர், 1371ஆம் ஆண்டில் அதன் மினாராவில் அமைத்த நிழற்கடிகாரம் அறிவியல் வரலாற்றில் புகழ் பெற்றது. அவருக்கும் முன்னர், பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்னுல் ஹைதம் எழுதிய கிதாபுல் மனாழிர் என்னும் பேரேடு, பார்வை என்பது பொருளிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளியால் நிகழ்கிறது என்று நிறுவியது. இருட்டறையின் சிறு துளை வழியே வெளியுலகின் உருவம் தலைகீழாக விழுவதை அவர் ஆராய்ந்தார். இன்றைய கேமராவின் அடிப்படை அந்த இருட்டறையே. ஐ.நா. கொண்டாடிய 2015ஆம் ஆண்டின் உலக ஒளி ஆண்டில், அவருடைய நினைவு பல நாடுகளில் போற்றப்பட்டது.

நிழலுக்கு இன்னொரு பயனும் உண்டு. ஆண்டுதோறும் மே 28ஐ ஒட்டி இந்திய நேரம் பிற்பகல் 2.48க்கும், ஜூலை 16ஐ ஒட்டி 2.57க்கும் கதிரவன் கஃபாவின் நேர் மேலே நிற்கும். அந்தக் கணத்தில் நம் ஊரில் நட்ட குச்சியின் நிழலுக்கு நேர் எதிர்த்திசைதான் கிப்லா. விராலிமலையிலிருந்து கணக்கிட்டால் அது நேர் மேற்கிலிருந்து ஏறத்தாழ 21 பாகை வடக்கே சாய்ந்திருக்கிறது. பேரன் இதைத் தன் செயலியில் குறித்துப் பார்த்துவிட்டு, "மே 24ஐ ஒட்டியும் ஜூலை 19ஐ ஒட்டியும் விராலிமலையில் சூரியன் கிப்லாத் திசையிலேயே மறைகிறது, நன்னா" என்றான். அத்தாவின் முகத்தில் அன்றுதான் பழைய புன்னகை திரும்பியது.

கணக்கு, கணிப்பு, காத்திருப்பு

அதன்பின் இருவரும் சேர்ந்து அடுத்த பயணத்தைத் திட்டமிட்டனர். அவர்கள் பேசியதிலிருந்து நான் கற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெளியில் சென்று படம் எடுக்க விரும்பும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இவை உதவும்.

முதலாவது, கணக்கு. கதிரவனும் திங்களும் கணக்குக்குக் கட்டுப்பட்டவை. ஃபோட்டோபில்ஸ், தி ஃபோட்டோகிராஃபர்ஸ் எஃபெமரிஸ் போன்ற செயலிகள், நாம் நிற்கும் இடத்திலிருந்து அவை எழும் திசையையும் மறையும் திசையையும் எந்த ஆண்டுக்கும் வரைந்து காட்டுகின்றன. ஸ்டெல்லேரியம் என்னும் கணினி மென்பொருள் இரவு வானத்தையே திரையில் விரிக்கிறது. அதைக் கணினியில் இலவசமாகவே பெறலாம். விராலிமலையில் கதிரவன் நேர் கிழக்கிலிருந்து வடக்கேயும் தெற்கேயும் 24 பாகை வரை விலகி எழும். திங்களின் விலகல் 18.6 ஆண்டுச் சுழற்சியில் கூடியும் குறைந்தும் வரும். 2024, 2025 ஆண்டுகளில் அது தன் உச்சத்தை அடைந்து, ஏறத்தாழ 29 பாகை வரை சென்றது. ஏப்ரல் 17, 18 வாக்கிலும் ஆகஸ்ட் 25, 26 வாக்கிலும் கதிரவன் இங்கே நண்பகலில் தலைக்கு நேர் மேலே வரும். நட்ட குச்சிக்கு நிழலே இராது.

முழுநிலவைப் பெரிதாகக் காட்ட வேண்டுமா? நிலவின் விட்டம் நம் கண்ணுக்கு அரைப் பாகையளவே. ஆகவே ஒரு பொருளின் உயரத்தைப் போல் 110 மடங்கு தொலைவில் நின்றால், நிலவும் அப்பொருளும் ஒரே அளவாகத் தோன்றும். ஒரு மீட்டர் உயரத்துக்கு நிற்கும் மயிலுக்கு 110 மீட்டர். பத்து மீட்டர் உயரமுள்ள மண்டபத்துக்கு 1,100 மீட்டர். பௌர்ணமியன்று கதிரவன் மேற்கில் சாயும் வேளையை ஒட்டியே நிலவு கிழக்கில் எழும். அடுத்தடுத்த நாட்களில் சராசரி 50 நிமிடம் பிந்தும். பிறைக்கும் இது பொருந்தும். மேற்கு வானில் எந்த இடத்தில் கண்ணை வைத்துத் தேட வேண்டும் என்பதைக் கணக்கு சொல்லும்; பிறையை ஏற்று அறிவிப்பது உலமாப் பெருமக்களின் பொறுப்பு.

கணக்கின் உறுதியை நாங்கள் கண்ணாரக் கண்ட நாள் ஒன்று உண்டு. 2019 டிசம்பர் 26 அன்று நிகழ்ந்த கங்கண சூரிய கிரகணத்தின் பாதை கோவை, திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை வட்டாரங்களின் மேல் சென்றது. காலை 9.30 மணியை ஒட்டிச் சில நிமிடங்கள் கதிரவன் நெருப்பு வளையமாக நின்றது. பல ஆண்டுகளுக்கு முன்பே குறித்துவைத்த கணம் தவறாமல் வந்தது. அன்று அத்தா கிரகணத் தொழுகை தொழுதுவிட்டு வந்து, பாதுகாப்புக் கண்ணாடி வழியே பேரனோடு அவ்வளையத்தைப் பார்த்தார். இத்தகைய இன்னொரு கிரகணம் 2031 மே 21 அன்று மதுரை, காரைக்குடி, வேதாரண்யம் வழியே செல்லும். உரிய கண்ணாடியும், கேமராவுக்கு உரிய வடிகட்டியும் இன்றி எவரும் அதை நோக்கலாகாது.

இரண்டாவது, கணிப்பு. வானிலை, கதிரவனைப் போல் கணக்குக்குள் அடங்குவதில்லை. ஐரோப்பிய வானிலை மையத்தின் கணினி மாதிரி உலகை ஏறத்தாழ 9 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணிக்கிறது. நம் நாடு 2025 மே மாதத்தில் அறிமுகம் செய்த பாரத் முன்னறிவிப்பு அமைப்பின் கட்டம் 6 கிலோமீட்டர். கோடையில் திடீரெனத் திரளும் இடிமேகமோ ஒரு கட்டத்துக்குள்ளேயே பிறந்து அடங்கிவிடக்கூடியது. ஆகவே "மாலையில் இடிமழைக்கு வாய்ப்பு" என்பதை வாய்ப்பு என்றே கொள்ள வேண்டும். விண்டி போன்ற செயலிகள் உயர மேகம், நடு மேகம், தாழ் மேகம் என்று பிரித்துக் காட்டுகின்றன. உயர மேகம் அந்தியில் சிவந்து அழகூட்டும். தாழ் மேகம் மேற்கை மூடிவிடும். வானிலைத் துறையின் மௌசம் செயலியும், புணே நகரின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய தாமினி என்னும் மின்னல் எச்சரிக்கைச் செயலியும் பாறைக் குன்றுகளுக்குச் செல்வோர் கைப்பேசியில் கட்டாயம் இருக்க வேண்டியவை.

மூன்றாவது, காத்திருப்பு. மயில் எந்தச் செயலிக்கும் கட்டுப்பட்டதன்று. நாம் செய்யக்கூடியதெல்லாம் அதன் பழக்கத்தை அறிந்துகொள்வதே. வெயில் ஏறியதும் அது நிழலுக்குப் போய்விடும். காலையும் மாலையுமே அது வெளியில் உலவும் வேளை. அதன் நீலமும் பச்சையும் சாயத்தால் வந்தவை அல்ல. இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் பிறப்பவை. அந்த அடுக்குகளில் உள்ள சாயம் கறுப்பையும் பழுப்பையும் சேர்ந்ததே. ஆகவே தாழ்ந்த வெயில் நம் முதுகுக்குப் பின்னாலிருந்து மயிலின் மேல் விழும்போது வண்ணங்கள் சுடர்விடும். எதிர் வெயிலில் அதே மயில் கருநிழலாகிவிடும். நம் நாட்டுப் பறவைகளைப் பற்றி எளிய நூல்களை எழுதி, ஆயிரமாயிரம் பேரைப் பறவை நோக்கர்களாக்கிய சாலிம் அலி அவர்கள், 1896 முதல் 1987 வரை வாழ்ந்த தம் நெடிய வாழ்வில் காட்டிச் சென்ற வழியும் இந்தக் காத்திருப்பே.

இவற்றையெல்லாம் எழுதிக்கொண்டே வந்த பேரன், நேர அட்டையின் ஏப்ரல் பக்கத்தில் பென்சிலால் ஓர் அட்டவணை இட்டான். ஏப்ரல் 18: உதயம் 6.03. உச்சி 12.15. நிழல் ஒரு மடங்காகும் நேரம், அதாவது ஷாஃபி வழியினரின் அஸர், 3.20 வாக்கில். நிழல் இரு மடங்காகும் நேரம், அதாவது எங்களைப் போன்ற ஹனஃபி வழியினரின் அஸர், 4.35 வாக்கில். மறைவு 6.27. பொன்னொளி 6.00 முதல் 6.27 வரை. அந்தியின் நீல ஒளி 6.41 முதல் 6.48 வரை. எழுதி முடித்தவன் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நன்னா, அஸர் தொழுதுவிட்டுப் போனால் பொன்னொளி முழுவதும் கிடைக்கிறது. சூரியன் மறைந்ததும் மஃரிபு. அதைத் தொழுது முடித்து வந்தாலும் நீல ஒளி எனக்காகக் காத்திருக்கிறது. அன்றைக்கு நான் வீணாகத்தான்..."

வாக்கியத்தை அவன் முடிக்கவில்லை. அத்தாவும் முடிக்கச் சொல்லவில்லை.

இரண்டாம் பயணம்

ஏப்ரல் மாதத்தின் மூன்றாம் வாரத்தில் மீண்டும் புறப்பட்டோம். வழியில் சில கிலோமீட்டர் விலகி, கொடும்பாளூர் மூவர் கோயிலைப் பார்த்தோம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள பழங்காலக் கற்றளிகள் அவை. மூன்றில் இரண்டே இன்று எஞ்சி நிற்கின்றன. அவற்றின் வாயில்கள் மேற்கு நோக்கியவை. ஆகவே முகப்பைப் படமெடுக்க மாலைதான் தக்க வேளை என்பதை மகன் முன்கூட்டியே அறிந்து வைத்திருந்தான். சாய்வெயிலில் கல்லின் செதுக்கல்கள் ஒவ்வொன்றும் நிழலோடு எழுந்து நின்றன. அங்கேயே அஸரை நிறைவேற்றிவிட்டு விராலிமலையை அடைந்தோம்.

ஆலயத்துக்குள் நாங்கள் செல்லவில்லை. பிறர் வழிபடும் இடத்தில் நம் பொழுதுபோக்குக்கு இடமில்லை என்பது அத்தாவின் கண்டிப்பு. கோயில்களுக்குள் கைப்பேசி கொண்டு செல்வதற்கு 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்துள்ளது என்பதையும் இங்கே நினைவூட்டலாம். குன்றுக்கு வெளியே, சற்று மேடான ஒரு பாறையில் இடம் பிடித்தோம். மணி 5.20. எங்களுக்கு முன்னால் ஐம்பது அறுபது மீட்டர் தொலைவில், முழுத் தோகையோடு ஓர் ஆண் மயில். தெற்கே கருமேகம் திரண்டு நிற்க, மேற்கு வெயில் மட்டும் தடையின்றி அதன் மேல் விழுந்தது. கறுத்த வானத்தின் முன் அந்த நீலம் எரிவது போல் இருந்தது. அது மெல்லத் தோகையை உயர்த்தத் தொடங்கியது.

அதே நேரத்தில் மகனின் கைப்பேசி ஒலித்தது. தாமினியின் எச்சரிக்கை. தெற்கே ஒரு மின்னல் கீறியது. அத்தா வாய்க்குள் எண்ணத் தொடங்கினார். "இருபத்து நான்கு" என்றபோது இடி கேட்டது.

ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ மூன்று வினாடி ஆகும். இருபத்து நான்கு என்றால் எட்டுக் கிலோமீட்டர். மின்னலுக்கும் இடிக்கும் இடையே முப்பது வினாடிக்குள் இருந்தால் திறந்தவெளியை விட்டு நீங்க வேண்டும். கடைசி இடி கேட்டபின் முப்பது நிமிடம் வெளியே வரலாகாது. இது உலகெங்கும் சொல்லப்படும் பாதுகாப்பு விதி. மேட்டுப் பாறையும், உலோக முக்காலியும், தனி மரமும் அந்நேரத்தில் மிகுந்த ஆபத்து.

"அத்தா, இரண்டே நிமிடம்" என்று மகன் என்னைப் பார்த்தான். அவன் ஆறு மாதமாகக் கனவு கண்ட படம் அதோ விரிந்துகொண்டிருந்தது. என் நாவும் எழவில்லை. அடுத்த மின்னல் வெட்டிற்று. இம்முறை அவனே எண்ணினான். பதினைந்தில் இடி. அவன் ஒரு பெருமூச்சு விட்டான். பின் முக்காலியை மடக்கினான். ஒரு கையால் கேமராவையும் மறு கையால் பாட்டனாரின் முழங்கையையும் பற்றிக்கொண்டு, சரளைக்கற்களில் அவர் கால் வழுக்காதபடி பார்த்துப் பார்த்து இறங்கினான். காரின் கதவை அடைத்த சிறிது நேரத்தில் மழை கொட்டியது. நாங்கள் நின்ற திசையில் இடி அதிர்ந்தது. கண்ணாடி வழியே ஒன்றும் தெரியவில்லை.

மழை 6.10க்கு ஓய்ந்தது. காரிலேயே ஊருக்குள் சென்று, ஒரு பள்ளிவாசலில் ஜமாஅத்துடன் மஃரிபைத் தொழுதோம். வெளியே வந்தபோது மணி 6.43. கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கடந்திருந்தது. மழை தூசியைக் கழுவிவிட்டிருந்தது. ஆழ்ந்த நீலவானத்தின் முன் விராலிமலை தன் உருவக்கோட்டை மட்டும் காட்டிக்கொண்டு கறுத்து நின்றது. உச்சியில் விளக்குகள் மினுங்கின. சாலையோரத்தில் முக்காலியை நிறுத்தி மகன் நான்கு படங்கள் எடுத்தான். 6.48க்கு நீலம் கருமையில் கரைந்தது. அட்டையின் ஓரத்தில் அவன் எழுதியிருந்த அதே நிமிடம்.

மறுநாள் ஃபஜ்ரைத் தொழுதுவிட்டு மீண்டும் சென்றோம். இம்முறை குன்றின் கிழக்குப் பக்கம். ஈரப் பாறை ஒன்றின் மேல் ஒரு மயில் நனைந்த தோகையைத் தரையில் பரப்பி, சிறகுகளைச் சற்றே விலக்கி, இளவெயிலில் உலர்த்திக்கொண்டிருந்தது. அது ஆடவில்லை, தோகையை உயர்த்தவுமில்லை. வெயில் எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து அதன் கழுத்தில் விழுந்தது. மகன் அருகே செல்ல முயலவில்லை, கல்லெறிந்து எழுப்பவுமில்லை. அரை மணி நேரம் அமர்ந்திருந்து மூன்றே முறை பொத்தானை அழுத்தினான்.

"கிடைத்ததா தம்பி?" என்றார் அத்தா.

"நினைத்தது கிடைக்கவில்லை நன்னா. ஆனால் இதைப் பாருங்கள்" என்று அவன் கேமராவின் சிறு திரையை அவர் கண்ணருகே பிடித்தான். பார்வை மங்கிய அத்தா வெகுநேரம் பார்த்தார். "கழுத்தில் நீர்த்துளிகூடத் தெரிகிறதே" என்றார்.

அந்த மூன்றில் ஒன்று இப்போது எங்கள் கூடத்துச் சுவரில், நேர அட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அட்டை ஆண்டுதோறும் மாறும். புதிய அட்டை வந்ததும் பாட்டனும் பேரனும் பென்சிலோடு அமர்ந்துவிடுகிறார்கள். மே 28ஆம் தேதிக்கு எதிரே ஒரு சிறு குச்சியின் படம் வரைந்திருக்கிறது. பிற்பகல் 2.48க்கு மொட்டைமாடியில் இருவரும் நிற்பார்கள் போலும்.

வாசக நேயர்களே, மதுரைச் சாலையில் செல்லும் நாளொன்றில், நெடுஞ்சாலையை விட்டுச் சற்றே விலகி விராலிமலையில் இறங்குங்கள். பிள்ளைகளின் கையில் கைப்பேசி இருந்தால் அதைப் பிடுங்காதீர்கள். இன்று கதிரவன் எத்திசையில் மறையும் என்று அதனிடம் கேட்கச் சொல்லுங்கள். பிறகு அதைப் பைக்குள் வைத்துவிட்டு, அத்திசையில் நிமிர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். தெற்கே மேகம் கறுத்தால் மட்டும் எதற்காகவும் காத்திராமல் இறங்கிவிடுங்கள். மயில்கள் மறுநாளும் அங்கே இருக்கும், இன்ஷா அல்லாஹ்.